படிவங்கள் குறைகின்றன, யாருக்கு?

2024 மார்ச்சில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 34 ஒழுங்குமுறைகளை 6 ஆகச் சுருக்கியது. புதிதாக இரண்டைச் சேர்த்து எட்டு என்று கணக்கை முடித்தது. மே மாதக் கடைசியில் வந்த மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கை, தனக்கு முந்தைய 55 சுற்றறிக்கைகளை ஒரே நாளில் ஓய்வுக்கு அனுப்பியது. ஜூனில் பொதுக் காப்பீட்டுக்கு வந்த சுற்றறிக்கை மேலும் 13-ஐ அனுப்பியது. நிறுவனங்கள் தாக்கல் செய்யவேண்டிய அறிக்கைகளுக்கென்றே ஒரு முதன்மைச் சுற்றறிக்கையும் அதே ஆண்டில் வெளியானது. எழுதியதைத் தானே அழிக்கும் பழக்கம் நம் அரசு அலுவலகங்களுக்கு அதிகம் கிடையாது. ஆகவே, காப்பீட்டுத் துறையில் எழுந்த மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அந்த மகிழ்ச்சிக்கு நியாயமும் உண்டு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவருக்குக் காலண்டர் என்பது தாக்கல் தேதிகளின் வரிசை. புதிய வணிகம், முதலீடு, மறுகாப்பீடு, ஏஜென்ட் கமிஷன், நிர்வாகச் செலவு, புகார்கள், கிராமப்புறக் கடமை என்று ஒவ்வொன்றுக்கும் மாதம், காலாண்டு, ஆண்டு என்ற தவணையில் ஆணையத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டும். காப்பீட்டுக் கணிப்பாளரான ஆக்சுவரியின் மதிப்பீட்டு அறிக்கை தனி. அது போதாதென்று, சந்தேகத்துக்குரிய பணப் பரிவர்த்தனை பற்றி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு, ஜி.எஸ்.டி.க்கு, வருமான வரித் துறைக்கு, கம்பெனிப் பதிவாளருக்கு, பங்குச் சந்தையில் பட்டியலாகியிருந்தால் செபிக்கு. ஒரே எண்ணை வெவ்வேறு கட்டங்களில், வெவ்வேறு தலைப்புகளின் கீழ் மறுபடி மறுபடி எழுதுவதில் ஒருவரின் உழைக்கும் வயது கழிந்துவிடும். தவறினால் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு காத்திருக்கிறது: நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். இந்தத் தாக்கல் செலவை நிறுவனம் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. எங்கோ ஒரு பாலிசிதாரரின் பிரீமியத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே படிவம் குறைந்தால் மக்களுக்கும் நல்லது என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

ஆனால் இந்தப் படிவங்கள் எதற்காகப் பிறந்தன என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டுவது நல்லது.

காப்பீடு விசித்திரமான வியாபாரம். பணம் முன்னால் போகிறது, பொருள் பின்னால் வருகிறது, சில சமயம் நாற்பது ஆண்டுகள் கழித்து. பிரீமியம் கைக்கு வராமல் எந்தப் பொறுப்பையும் ஏற்கக்கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவே சொல்கிறது. அதாவது, வாங்குபவர் விற்பவரை நம்பித்தான் ஆகவேண்டும். விற்பவர் வாங்குபவரை ஒரு நாள்கூட நம்பவேண்டியதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அரசு கண்டுபிடித்த மாற்றுதான் அறிக்கைத் தாக்கல். வாங்கியவர் எட்டிப் பார்க்க முடியாத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆண்டுதோறும் எழுதிக்கொடு என்பதே அதன் சாரம்.

1869-இல் லண்டனில் ஆல்பர்ட் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் விழுந்தது. சிறிய நிறுவனங்களை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் 20,000 பவுண்டு முன்வைப்புக் கட்டவேண்டும். எல்லோரும் வரையறுத்த வடிவத்தில் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். மற்றபடி எப்படி வேண்டுமானாலும் தொழில் செய்துகொள்ளலாம். சுதந்திரம் உண்டு, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கவேண்டும் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. கணக்கைப் பார்த்து மக்களே முடிவு செய்துகொள்வார்கள் என்று விக்டோரியா காலத்துக் கனவான்கள் நம்பினார்கள். ஆக்சுவரியின் அட்டவணையை அந்த மக்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு இந்தப் பழக்கம் தாமதமாக வந்தது. 1829-லேயே சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீடு விற்கத் தொடங்கிவிட்டது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதல் சட்டம் வந்தது 1912-இல். 1914-இல் அரசு, காப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கைகளை வெளியிடத் தொடங்கியது. 1928-இல் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நிறுவனங்களிடமிருந்து புள்ளிவிவரம் திரட்டுவதற்காக. பாலிசிதாரரைக் காப்பாற்றுவது என்ற நோக்கம் முழுமையான சட்டமாக வடிவெடுக்க 1938 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. முதலில் எண்ணினார்கள், பிறகு யோசித்தார்கள். அந்த வரிசை இன்றும் நம் நிர்வாகத்தை விட்டுப் போகவில்லை.

1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டது டால்மியா விவகாரத்தில். ராம்கிருஷ்ண டால்மியா அந்நாளின் பெரும் தொழிலதிபர். பாரத் இன்ஷூரன்ஸ் அவர் கையில் இருந்தது. பாலிசிதாரர்களின் பணம், கோடிக்கணக்கில், அரசுக் கடன்பத்திரம் வாங்கியதாக ஏடுகளில் பதிவாகியிருந்தது. உண்மையில் அந்தப் பணம் பங்குச் சூதாட்ட நஷ்டத்தை அடைக்கப் போயிருந்தது. ஏடு நிறைவாக இருந்தது, பெட்டிதான் காலி. 1955-இல் அரசு அதே காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் படிவத்தைக் கேட்கவில்லை. கடன்பத்திரங்களைக் காட்டச் சொன்னார். அந்த டிசம்பரில் எம்.பி. பெரோஸ் காந்தி இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசினார். 1956 ஜனவரியில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் காலத்தில் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள், ஆக 245 பெயர்ப்பலகைகள் அகன்று எல்.ஐ.சி. என்ற ஒற்றைப் பலகை ஏறியது. தாக்கல் செய்யவேண்டிய நிறுவனங்களின் எண்ணிக்கையை ஒன்றாக்குவதைவிட எளிய எளிமைப்படுத்தல் இருக்க முடியாது.

அந்த எளிமை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1957 ஜூனில் எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே அந்த முடிவு எடுக்கப்பட்டது. கேள்வி எழுப்பியவர் மறுபடியும் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தனியார் கையில் பாலிசிதாரரின் பணம் பத்திரமாக இல்லை என்று சொல்லி வாங்கிய பணம், அரசின் கையிலும் அதே பாதையில் நடந்தது. உரிமையாளர் மாறினால் கண்காணிப்பு தேவைப்படாது என்ற எண்ணத்துக்கு நம் வரலாறு கொடுத்த பதில் அது.

இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் இரண்டு பாடங்களை எடுக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். ஒன்று, படிவம் திருட்டைத் தடுப்பதில்லை. மற்றொன்று, எழுதிவைத்த தடயம் இல்லாவிட்டால் திருட்டு நடந்ததே தெரிந்திருக்காது. அரசு அலுவலகங்கள் பொதுவாக இரண்டாவது பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு படிவம் கூடியது. ஒரு படிவத்தைச் சேர்த்த அதிகாரிக்கு முன்யோசனைக்காரர் என்று பெயர் கிடைக்கும். ஒன்றை நீக்கிய அதிகாரிக்கு, ஏதாவது தவறு நடந்தால் விசாரணைக் கமிஷன் முன் நிற்கும் வாய்ப்புத்தான் கிடைக்கும். இப்படி இருக்கும்போது படிவங்கள் பெருகியதில் ஆச்சரியமில்லை, குறைந்ததுதான் ஆச்சரியம்.

பெருகிய படிவங்களுக்கு ஒரு விலை உண்டு. வந்து குவிவதை யாரும் படிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் எச்.ஐ.எச். காப்பீட்டு நிறுவனம் 2001 மார்ச்சில் விழுந்தபோது, அதன் பற்றாக்குறை 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். எதிர்காலக் கிளெய்ம்களுக்குப் போதிய தொகையை அது ஒதுக்கிவைக்கவில்லை. நீதிபதி நெவில் ஓவன் தலைமையிலான அரச ஆணையம் 2003-இல் கொடுத்த அறிக்கை, கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கைக் குறிகளைக் காலத்தில் காணத் தவறியதைச் சுட்டியது. குறிகள் இல்லாமல் இல்லை. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து, தொலைபேசியை எடுத்து ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. தாக்கல் செய்வதை நிறுவனத்தின் கடமை என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. படிப்பதை யாருடைய கடமை என்று அவ்வளவு தெளிவாக எழுதிவைப்பதில்லை. தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளுக்கு ஒரு லட்சம் அபராதம். தாமதமாகப் படித்தால் அபராதம் எதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், தேவையற்ற அறிக்கைகளை நீக்குவது கண்காணிப்பைத் தளர்த்துவதாக இருக்கவேண்டியதில்லை. சுமையைக் குறைத்து, கிடைத்த நேரத்தில் மிச்சமுள்ளதைப் படித்தால் அது கண்காணிப்பைக் கூர்மையாக்கும். குறைத்தவர்கள் படிக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆணையம் எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது 2022 ஜூனில் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களை ஆணையத்தில் தாக்கல் செய்து, அனுமதி பெற்ற பிறகே விற்க முடியும். ஒரு திட்டம் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதற்குள் அதற்கான தேவையே மாறிப்போகும். அந்த ஜூனில் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஏறத்தாழ எல்லாப் பொதுக் காப்பீட்டுக்கும், சில நாள்களில் பெரும்பாலான ஆயுள் காப்பீட்டுக்கும் வரிசை தலைகீழானது. முதலில் விற்கலாம், பிறகு தாக்கல் செய்யலாம். திட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு, அது அமைக்கும் திட்ட மேலாண்மைக் குழு, நியமன ஆக்சுவரி ஆகியோரின் பொறுப்பு. பின்னால் தவறு தெரிந்தால் ஆணையம் தலையிடும்.

இதில் பிழை காண முடியாது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 10-க்குள் எல்லாப் பொது மற்றும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் 'கொரோனா கவச்' என்ற ஒரே மாதிரியான திட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவரவேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டபோது, நிறுவனங்கள் கொண்டுவந்தன. அவசரம் என்றால் வேகம் முடியும் என்பதற்கு அது சான்று. சாதாரணக் காலத்திலும் வேகம் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆணையம் நிறுவனங்களிடம் சொன்னது இதுதான்: உங்களை முதலில் நம்புகிறோம், பிறகு சோதிக்கிறோம்.

இங்கேதான் சிந்திக்க ஒரு விஷயம் இருக்கிறது. மேலிருந்து கிடைத்த நம்பிக்கையை நிறுவனங்கள் கீழே எவ்வளவு இறக்கின?

பாலிசி வாங்குபவர் நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் நிரப்புவார். வாங்குபவர் கையெழுத்துப் போடுவார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தாய்க்கு, தந்தைக்கு என்ன நோய், எப்போது மருத்துவமனைக்குப் போனீர்கள் என்று கேள்விகள் நீளும். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார். அப்போதுதான் பாலிசி சீக்கிரம் வரும். பிரீமியம் வாங்கும் நாளில் அந்தப் படிவத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பணம் கேட்டு வரும் நாளில்தான் அது மிகக் கவனமாகப் படிக்கப்படுகிறது. அரசு அலுவலகத்தில் இல்லாத வாசகர் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறார். அவர் படிக்கும் தருணம்தான் தாமதமானது.

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும் என்ற காப்பீட்டுச் சட்டக் கோட்பாடு 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அது எதிரி கையில் விழுந்தால் இழப்பீடு கிடைக்கும்படி காப்பீடு எடுத்திருந்தார். கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கோட்டையின் பலவீனத்தைச் சொல்லாமல் மறைத்தார் என்று காப்பீடு கொடுத்தவர் வாதாடினார். மான்ஸ்பீல்ட், இரு தரப்பும் தமக்கு மட்டும் தெரிந்ததை மறைக்கக்கூடாது என்று விதி சொன்னார். வழக்கில் வென்றது காப்பீடு எடுத்த கார்ட்டர். அந்தத் தீர்ப்பை இரண்டரை நூற்றாண்டாக மேற்கோள் காட்டிவருபவர்கள் பெரும்பாலும் அதில் தோற்ற தரப்பின் வாரிசுகள். இரு தரப்பு என்று அவர் சொன்னது மெல்ல மெல்ல ஒரு தரப்பாகச் சுருங்கியது. அதுவும் ஒருவகை எளிமைப்படுத்தல்தான். பிரிட்டன் 2012-இல் ஒரு சட்டம் போட்டு, சாதாரண நுகர்வோர் கேட்காததையும் தாமாகச் சொல்லவேண்டும் என்ற கடமையை எடுத்துவிட்டது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும்.

நம் நாட்டிலும் சில வேலிகள் உண்டு. ஆயுள் பாலிசி மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டில் அந்தக் காலம் 2024-இல் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. ஆனால் அந்த வேலிக்கு முன்பே இறந்துவிட்ட ஒருவரின் மனைவி எவ்வளவு கொண்டுவரவேண்டும் என்று பார்த்தால்: இறப்புச் சான்று, அசல் பாலிசிப் பத்திரம், நாமினியின் அடையாளச் சான்று, ரத்து செய்த காசோலை, கடைசியாகப் பார்த்த மருத்துவரின் சான்று, மருத்துவமனைக் குறிப்புகள், வேலை செய்த இடத்திலிருந்து விடுப்பு விவரம், விபத்தென்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. நாமினி பெயர் இல்லையென்றால் வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம். கம்ப்ளையன்ஸ் பிரிவு என்று அவருக்கு ஒன்று கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவரே அந்தப் பிரிவாகிவிட வேண்டியிருக்கிறது.

காவிரி டெல்டாவில் சம்பா பயிருக்குக் காப்பீடு செய்யும் விவசாயியின் நிலை இன்னும் தெளிவானது. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அவர் கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் சிறு பங்குதான். காரிப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம். அந்தப் பங்கைக் கட்ட அவர் அடங்கல் வாங்கவேண்டும், விதைப்புச் சான்று வாங்கவேண்டும், இரண்டுக்கும் வி.ஏ.ஓ.வைப் பிடிக்கவேண்டும். ஆதார், பாஸ்புக் நகலோடு பொது சேவை மையத்தில் வரிசையில் நிற்கவேண்டும். கடைசித் தேதி பொதுவாக நவம்பர் 15. அப்போது அங்கே வடகிழக்குப் பருவமழை. சர்வர் படுத்துவிட்டது என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட இயற்கைச் சீற்றங்களில் ஒன்றாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, பரவலான மகசூல் இழப்பில் அவருக்குப் பணம் வருமா என்பதை அவர் வயல் தீர்மானிப்பதில்லை. அந்தப் பகுதியில் தேர்ந்தெடுத்த வயல்களில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி தீர்மானிக்கிறது. அவர் தன் சர்வே எண்ணைத் துல்லியமாகத் தாக்கல் செய்கிறார். அவருக்குப் பதில் வருவது சராசரியில்.

ஆணையம் இதையெல்லாம் காணாமல் இல்லை. 2024-ஆம் ஆண்டின் சுற்றறிக்கைகளிலேயே பாலிசிதாரருக்கான எளிமையும் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவக் கிளெய்முக்கு வேண்டிய ஆவணங்களை நிறுவனமே மருத்துவமனையிடமிருந்து வாங்கிக்கொள்ளவேண்டும். ஆவணம் போதவில்லை என்று பொதுக் காப்பீட்டுக் கிளெய்மை நிராகரிக்கக்கூடாது. வேண்டியதைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டிருக்கவேண்டும். காசில்லா சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் ஒப்புதல். மனிதத்தன்மையோடு எழுதிய வரிகள் இவை.

நிறுவனத்துக்குக் கிடைத்த சலுகை, சுற்றறிக்கை வந்த நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். ஒரு படிவத்தை அனுப்பாமல் இருப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. பாலிசிதாரருக்குக் கிடைத்த சலுகை நடைமுறைக்கு வர, மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டர், கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வின் கால் சென்டர், நிறுவனத்தின் கிளெய்ம் மேசை என்று மூன்று இடங்களில் மனிதர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். மாற்றிக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆணையத்துக்கு ஒரே வழிதான் உண்டு: நிறுவனங்களிடம் ஓர் அறிக்கை கேட்பது. ஒரு தாள் ஒழிந்ததா என்று பார்க்க இன்னொரு தாள் தேவைப்படுகிறது. எளிமைப்படுத்துபவர்கள் சங்கடப்படும் இடம் இது. ஆனால் இதைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி இல்லை.

எனவே எல்லாப் படிவத்தையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. நிறுவனம் ஆணையத்துக்கு மட்டும் அனுப்பி, அங்கே வேறு படிவத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடி சொல்வது ஒருவகை. அது போகட்டும். பாலிசிதாரருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டும் ஒரே சன்னலாக இருப்பது வேறுவகை. 2010 முதல் நிறுவனங்கள் தம் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியிடும் படிவங்கள் அந்த வகை. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் படிவங்களில் எத்தனை பாலிசிகள் 13-ஆம் மாதம் உயிரோடு இருக்கின்றன, எத்தனை 61-ஆம் மாதம் வரை தாங்குகின்றன என்ற விகிதம் இருக்கும். வாங்கும் முன் அதைப் பார்த்த வாடிக்கையாளர் மிகக் குறைவு. ஆனால் ஒரு பத்திரிகையாளர், ஒரு நுகர்வோர் அமைப்பு, ஒரு எம்.பி. பார்த்தால் போதும். பெரோஸ் காந்தி ஒருவர்தான்.

2023-24-இல் மருத்துவக் காப்பீட்டில் 15,100 கோடி ரூபாய் மதிப்புள்ள கிளெய்ம்கள், கேட்டதில் 12.9 சதவீதம், பாலிசி விதிகளின்படி இல்லை என்று மறுக்கப்பட்டன என்பது நமக்குத் தெரியும். நிறுவனங்கள் தாக்கல் செய்ததை ஆணையம் தன் ஆண்டறிக்கையில் தொகுத்ததால் தெரிந்தது. அந்தப் பத்தி ஒருநாள் தேவையற்ற விவரம் என்று நீக்கப்பட்டால், கிளெய்ம்கள் மறுக்கப்படுவது நிற்காது. மறுக்கப்படுவதாக நாம் பேசுவதுதான் நிற்கும்.

தாக்கல் செய்தாலே போதும் என்பவர்களுக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் தன் கடமைகளுக்கு மேல் வைத்திருக்கும் சொத்துக்கும் வைத்திருக்கவேண்டிய சொத்துக்கும் உள்ள விகிதத்தைச் சால்வென்சி விகிதம் என்பார்கள். ஆணையம் கேட்பது 1.5. அரசுக்குச் சொந்தமான பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மூன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட, பல ஆண்டுகளாக அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 2024 மார்ச்சில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தன. எதுவும் மறைக்கப்படவில்லை. எல்லாம் உரிய படிவத்தில், உரிய இடத்தில் வெளியானது. உரிமையாளர் அரசு, கண்காணிப்பவர் அரசு அமைத்த ஆணையம், 2019-20 முதல் 2021-22 வரை மூலதனமாக 17,450 கோடி ரூபாய் ஊற்றியதும் அரசு. தனியார் நிறுவனம் ஒன்று இந்த எண்ணைத் தாக்கல் செய்திருந்தால் வாசலில் நிர்வாகி வந்து நின்றிருப்பார். 2017 ஜூனில் சஹாரா லைஃப் என்ற தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிர்வாகி வந்தார். 2023 ஜூனில் அதன் ஏறத்தாழ இரண்டு லட்சம் பாலிசிகள் எஸ்.பி.ஐ. லைஃபுக்கு மாற்றப்பட்டன. ஆக, படிவத்தின் வலிமை படிவத்தில் இல்லை. படித்தவர் என்ன செய்யத் துணிகிறார் என்பதில் இருக்கிறது. யாருடைய படிவம் என்பதைப் பொறுத்து அந்தத் துணிவு மாறுகிறது.

இனி வரும் எளிமைப்படுத்தலுக்கு ஆணையம் இரண்டு கட்டுப்பாடுகளைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாம். ஓர் அறிக்கையை நீக்கும்போது, அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது, அந்தக் கேள்விக்கு இனி எங்கே பதில் கிடைக்கும் என்று இரண்டு வரி எழுதி வெளியிடட்டும். பதில் வேறெங்கும் இல்லையென்றால் நீக்கக்கூடாது. நீக்கியவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும், நீக்கப்பட்டவற்றுக்கு ஒரு வரலாறும் இருக்கும்.

இரண்டாவது, நிறுவனங்களிடம் புதிதாக ஒரே ஓர் எண் கேட்கட்டும். கிளெய்ம் கேட்டவர்களில் எத்தனை பேரிடம் இரண்டாம் முறை ஆவணம் கேட்டீர்கள்? காலாண்டுக்கு ஒருமுறை, இணையதளத்தின் முதல் பக்கத்தில், நிறுவனத்தின் பெயருக்கு நேராக. 34-ஐ 6 ஆக்கிய பயன் கீழே எவ்வளவு இறங்கியது என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடும். இதுவும் ஒரு சுமை என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். மெய்தான், சுமைதான். தன் வாடிக்கையாளரிடம் எத்தனை தாள் கேட்டோம் என்று எண்ணிச் சொல்ல முடியாத நிறுவனம், தன்னிடம் அரசு கேட்கும் தாள்கள் அதிகம் என்று முறையிடும் தகுதியை இழந்துவிடுகிறது.